ஆளுக்கொரு கம்பி

கொட்டகையில் பல்பையும் மின்விசிறியையும் சேர்த்துப் போட்டேன். விசிறி அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றது. பல்பும் அணைந்தது. உடனே பக்கத்து வீட்டுச் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“யாரு அங்க? மெஷின் துணியோட நின்னுபோச்சு.”

எங்கள் வீட்டிலிருந்து என் கணவர் கேட்டார். “இங்கயும் போயிடுச்சு. அங்க இருக்கா?”

எங்கும் இல்லை. ஆனால் தெருவில் வெல்டிங் கடையில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே இது ஊர் மின்வெட்டு அல்ல. இரண்டே வீடுகளில் மட்டும் மின்சாரம் போயிருந்தது. அதற்குக் காரணம் நான்.

அக்கா என்றால் என் கணவருடைய அண்ணனின் மனைவி. எங்கள் இரண்டு வீடும் முன்பு ஒரே வீடு. நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்தவர் என் மாமனார். அவர் தானியக் கிடங்கில் எடை போடும் வேலை பார்த்தவர். எதையும் சமமாகப் பிரிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது என்பார்கள். ஒரு நீளமான பெஞ்சை நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கிறார். இரண்டு பாதிக்கும் இரண்டிரண்டு கால்தான். ஒன்று எங்கள் சுவரில் சாய்ந்து நிற்கிறது, இன்னொன்று அவர்கள் சுவரில். யாரும் உட்கார்ந்ததில்லை, யாரும் தூக்கிப் போட்டதும் இல்லை.

கொட்டகைக்கு ஒரே கதவு. அதனால் அதை மட்டும் அவரால் பிரிக்க முடியவில்லை. தோட்டத்துக் கோடியில், அவர்கள் பக்கமாக, பொதுவில் இருந்தது. உடைந்த வாளி, மண்வெட்டி, பழைய கதவு என்று இரு வீட்டுக்கும் வேண்டாதவை அங்கே சேர்ந்தன. பல்பு எப்போதோ உயிரை விட்டிருந்தது. நான்தான் பெருக்கிச் சுத்தம் செய்து, புதுப் பல்பு மாட்டி, மேசை ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

எனக்கு அமைதியான ஓர் அறை தேவைப்பட்டது. பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்யும் நிறுவனம் ஒன்று, அறிவியல் படித்தவர்களைத் தேடியது. எழுதிப் போட்டேன். மாதிரிக்கு ஒரு பாடம் கேட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து படித்து அனுப்பினேன். ‘குரல் நன்றாக இருக்கிறது, பின்னால் இரும்பு அறுக்கும் சத்தம் கேட்கிறது, திங்கட்கிழமை காலைக்குள் வேறு பதிவு அனுப்புங்கள், இல்லையென்றால் வேறொருவரைப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று பதில் வந்தது.

குரல் நன்றாக இருக்கிறது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. கல்லூரியில் வாய்மொழித் தேர்வின்போது, என் பதில் காதில் விழுவதற்காக ஆசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வேண்டும்.

பகலில் வெல்டிங் கடை. இரவில் மாடி வீட்டுத் தொலைக்காட்சி, தெருநாய்கள். என் லேப்டாப்பின் பேட்டரி செத்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே கண்ணை மூடிவிடும். வீட்டிலிருந்து நீள ஒயர் ஒன்றைத் தோட்டத்தின் குறுக்கே இழுத்துப் பார்த்தேன். அக்கா துணிக்கூடையோடு அதில் தடுக்கி விழப் பார்த்தார். “மழை வந்தா யாரு போய்ச் சேர்றதுன்னு கேக்கச் சொன்னாரு” என்று அவருடைய வீட்டுக்காரர் சொன்னதைச் சொல்லிவிட்டு, ஒயரைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அது நியாயமான கேள்விதான். கொட்டகையின் பழைய லைனையே நம்ப வேண்டியிருந்தது.

அன்று இரண்டு வீட்டிலும் விழுந்திருந்த டிரிப் சுவிட்சைத் தூக்கிவிட்டோம். சில மாதங்களுக்கு முன்னால் துணி துவைக்கும் மெஷின் அக்காவுக்கு ஷாக் அடித்தது. அதன் பிறகு, ஷாக் அடித்தால் தானே விழுந்துவிடும் இந்தச் சுவிட்சை இரண்டு வீட்டுப் பெட்டியிலும் பொருத்தியிருந்தோம். கொட்டகையில் மறுபடி பல்பைப் போட்டேன். மறுபடி இருட்டு.

“உன் பாடம் ஆரம்பிக்கறதுக்குள்ள என் துணி ஊறியே கிழிஞ்சிடும்போல” என்றார் அக்கா.

நான் இன்னும் சில தடவை போட்டுப் பார்த்தேன். சில தடவை எங்கள் சுவிட்ச் மட்டும் விழுந்தது. சில தடவை அவர்களுடையது. பெரும்பாலும் இரண்டும். அது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஒரு பல்புக்கு எதற்கு இரண்டு வீடு?

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்தார். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருப்பதால் தெருவில் அவருக்கு டெஸ்டர் என்றே பெயர். அவருடைய மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாராம். கொட்டகைச் சுவிட்ச் பெட்டியின் மூடியை அவர் திருகிக்கொண்டிருந்தபோது, முந்தின நாளிலிருந்து மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“என்னம்மா? கொஞ்சம் சத்தமா.”

“போன கரண்ட் திரும்பி வரணும் இல்லையா… அது வேற வீட்டுக்குத் திரும்புதோன்னு.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டிக்குள் பார்த்தார். இரண்டு கம்பிகள். ஒன்று சுவரோடு இடப்பக்கம் போய் எங்கள் வீட்டை நோக்கி ஏறியது. மற்றொன்று வலப்பக்கம் போய் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தது. அவர் இரு வீட்டுக்கும் போய்ப் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

“நீ சொன்னது சரிதான். போறது உங்க வீட்டிலேர்ந்து. திரும்பறது அவங்க வீட்டுக்கு. டிரிப் சுவிட்சுக்கு ஒரே வேலைதான். போனது அத்தனையும் திரும்பி வந்துச்சான்னு பாக்கும். உங்க வீட்டுல போனது வரல. அவங்க வீட்டுல போகாதது வந்து நிக்குது. ரெண்டும் பயந்து விழுது.” பிறகு தோட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார். “எவன்யா இப்படிச் செஞ்சது?”

“எங்கப்பா சொல்லிச் செஞ்சது.”

என் கணவரின் அண்ணன், தன் வீட்டுப் பின்வாசலில் நின்றிருந்தார். நகரத்துக் குடிநீர்க் குழாய் பதிக்கும் பிரிவில் மேஸ்திரி. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன், கூப்பிட நேர்ந்தால்.

“ஆளுக்கொரு கம்பின்னாரு. நாளைக்கு எவனும் இது என் கரண்ட்டுன்னு சொல்லக் கூடாதுன்னாரு. பக்கத்துலயே நின்னு இழுக்க வெச்சாரு” என்றார் மாமா.

“எனக்குத் தெரியாது” என்றார் என் கணவர்.

“எப்படி எரிஞ்சுது இத்தனை நாளா?” என்றார் அக்கா.

“வெறும் ஃபியூஸ் இருந்த காலத்துல அதுக்கு யாரு வீடுன்னு கவலை இல்ல. இப்ப வெச்சிருக்கிற சுவிட்சு கணக்குப் பாக்குது. பெரியவர் செஞ்சது நல்லதும் இல்ல. ஒரு வீட்டுல மெயினை அணைச்சிட்டு இங்க கை வெச்சாலும் அடிச்சிருக்கும்.” டெஸ்டர் திருகாணிகளை வாயிலிருந்து எடுத்தார். “ரெண்டையும் வெட்டி எறிஞ்சிடறேன். ஒரே வீட்டிலேர்ந்து புதுசா கேபிள், மண்ணுக்கடியில. எந்த வீடு?”

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று சொல்ல முடியாது. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் அக்கா, நான் ஆகிய எங்கள் இருவர் வழியாக மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. இப்போது நால்வரும் ஒரே இடத்தில் நின்றிருந்தோம். அப்போதும் அது அப்படித்தான் போனது.

“நம்ம பெட்டிதான் கிட்ட இருக்கு. எடுத்துக்கச் சொல்லு” என்றார் மாமா அக்காவிடம்.

“என்னைக்காவது கோவத்துல சுவிட்சை அணைச்சிட்டா இவ பாதிப் பாடத்துல உக்காந்திருப்பா. நம்ம வீட்டிலேர்ந்தே இழுத்துக்கலாம்னு சொல்லு” என்றார் என் கணவர் என்னிடம்.

“அவன் வீட்டிலேர்ந்து லைன் வந்தா கொட்டகை அவனுதுன்னு ஆயிடும். அப்பா பொதுவுல விட்டது. அதுவும் நம்ம பின்வாசலைத் தோண்டிக்கிட்டுதான் போகணும். யாரைக் கேட்டுத் தோண்டுவாங்களாம்?”

“கேட்டா என்ன, விடவா போறாரு?”

“கேட்டாத்தானே தெரியும்.”

டெஸ்டர் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். “நான் வேணா மொழிபெயர்க்கவா? ரெண்டு பேரும் தமிழ்தான் பேசறீங்கன்னு நினைச்சேன்.”

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஆண்கள் இருவரும் சிரிக்கவில்லை. டெஸ்டர் இரண்டு கம்பிகளையும் வெட்டி, முனைகளில் டேப் சுற்றினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவதாகவும், குழி தயாராக இருந்தால் கேபிள் போட்டுவிடுவதாகவும் சொன்னார். இல்லையென்றால் அடுத்த வாரம் முழுக்க அவருக்கு வெளியூரில் கட்டட வேலை. ஞாயிறு தாண்டினால் திங்கள். எனக்கு அவ்வளவுதான்.

சனிக்கிழமை மாலை துணி எடுக்கும்போது அக்காவிடம் கேட்டேன்.

“பின்வாசல்ல தோண்ட மாமா விடவே மாட்டாரா?”

“விட மாட்டாருன்னு யாரு சொன்னா? கேக்கணும். அவ்வளவுதான் அவருக்கு. உன் வீட்டுக்காரர் கேக்க மாட்டாரு. நான் கேட்டா, நீ எந்தப் பக்கம்னு ஆரம்பிப்பாரு. மிச்சம் யாரு இருக்கா?”

மிச்சம் யார் என்று எனக்கும் தெரிந்தது.

இரவு முழுக்க ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன். ‘மாமா, உங்க பின்வாசல் வழியா கேபிள் போட அனுமதி வேணும்.’ அனுமதி என்ற சொல் விண்ணப்பம் மாதிரி இருந்தது. அதை எடுத்தேன். ‘போட்டுக்கட்டுமா’ என்று மாற்றினேன். அது ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட மாதிரி இருந்தது. ஞாயிறு காலை அவர் பின்வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் எங்கள் வாசலில் நின்றேன். வாக்கியம் வரவில்லை. கொட்டகைக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்து, எங்கள் சமையலறைச் சுவரோரம் தோண்ட ஆரம்பித்தேன். கேட்பதைவிடத் தோண்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அதற்கு முன் நான் மண்வெட்டி பிடித்ததில்லை. மண் காய்ந்து கிடந்தது. வெட்டும் இடத்தில் வெட்டு விழாமல் பக்கத்தில் விழுந்தது. வெளியே எடுத்த மண்ணில் பாதி மறுபடி குழிக்குள் சரிந்தது. என் கணவர் ஜன்னலில் இருந்து பார்த்து, “என்ன பண்ற நீ?” என்றார். தோண்டுகிறேன் என்பது பார்த்தாலே தெரிந்தது. நான் அடுத்த வெட்டை வெட்டினேன்.

மாமா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். நான் அவர்கள் வீட்டு எல்லைக்கு வந்துசேர்ந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். அவர் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வலியில் இருப்பவரின் முகம்போல இருந்தது.

“இதுக்குப் பேரு குழியா? கோழி கிளறின மாதிரி இருக்கு.”

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் நேராகச் சொன்ன மிக நீளமான பேச்சு அதுதான். நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“உங்க பின்வாசல்ல போட்டுக்கட்டுமா மாமா?” என்றேன்.

“என்னது?”

“பின்வாசல்ல. கேபிள். போட்டுக்கட்டுமா?” இம்முறை எனக்கே என் குரல் கேட்டது. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

“போட்டுக்க. ஆனா இப்படி இல்ல. இன்னும் ரெண்டு வெட்டு வெட்டினா எங்க தண்ணிக் குழாய் உடையும். அது அங்க வளைஞ்சு போகுது. தள்ளு.”

அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். இரண்டு குச்சிகளை நட்டு, இடையில் கயிறு கட்டினார். நான் தோண்டியதை முதலில் மூடினார். பிறகு கயிற்றை ஒட்டித் தோண்ட ஆரம்பித்தார். மண் அவர் சொன்னபடி கேட்டது. குழியின் இரு ஓரங்களும் கத்தியால் அறுத்ததுபோல நேராக இறங்கின.

கொஞ்ச நேரத்தில் என் கணவர் கடப்பாரையோடு வந்தார். மறு முனையில் குத்தினார்.

“ஆழம் பத்தாது” என்றார் மாமா, யாரையும் பார்க்காமல்.

“எவ்வளவு வேணும்?” என்றார் என் கணவர்.

“முழங்கால் வரைக்கும். நாளைக்கு எவளாவது செடி வைக்கறேன்னு தோண்டி கேபிளைக் கொத்தினா யாரு பதில் சொல்றது? அந்தக் கல்லை இடப்பக்கமா நெம்பு. இடப்பக்கம்டா. சின்ன வயசுலேர்ந்து உனக்கு எது இடப்பக்கம்னு தெரியாது.”

“அண்ணே, உன் இடப்பக்கமா, என் இடப்பக்கமா?”

“கல்லோட இடப்பக்கம்.”

அக்கா வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

டெஸ்டர் வந்தபோது குழி தயாராக இருந்தது. அவர் அதன் ஓரமாகவே நடந்து பார்த்துவிட்டு, “இதுல ஒரு கேபிள் போடறது குழிக்கு மரியாதை இல்லையே” என்றார். குழாய்க்குள் கேபிளைச் செருகி இறக்கினார். எங்கள் பெட்டியில் கொட்டகைக்கென்று தனிச் சுவிட்ச் வைத்தார். கொட்டகைக்குப் பக்கத்தில் எர்த்துக்குக் கம்பி அடித்தார். உள்ளே சிறிய பெட்டியும் பிளக் பாயின்ட்டும் பொருத்தினார். மாமா கேபிளின் மேல் மணல் பரப்பி, அதன் மேல் வரிசையாகச் செங்கல் அடுக்கினார். பின்னாளில் தோண்டுபவர்களுக்கு எச்சரிக்கையாம்.

“அப்ப கொட்டகை இவங்களுதா?” டெஸ்டர் வேண்டுமென்றே கேட்டார்.

மாமா ஒரு செங்கல்லைத் தட்டிச் சரியாக உட்கார வைத்தார். “லைன் அவங்களுது. குழி என்னுது. சரியாப் போச்சு.”

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் காலை மெதுவாக மிதித்தேன்.

மாலை கொட்டகையில் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். பல்பு எரிந்தது. லேப்டாப் விழித்துக்கொண்டது. இரு வீட்டிலிருந்தும் யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. விசிறிச் சத்தம் பதிவில் விழும் என்பதால் அதை மட்டும் நிறுத்தினேன். கதவைச் சாத்தி, மைக்கை முன்னால் இழுத்து, பாடத்தைத் தொடங்கினேன். மண்ணும் மண்புழுவும். வெல்டிங் கடைக்கு ஞாயிறு அரை நாள். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

பாதியைத் தாண்டியிருந்தபோது கதவு நீளமாகக் கிரீச்சிட்டுத் திறந்தது. மாமா. மண்ணைச் சமப்படுத்தும் பலகை உள்ளே இருந்தது, அதற்காக வந்திருந்தார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் அப்படியே நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நான் நிறுத்தாமல் படித்தேன். மண்புழுவுக்குக் கண்கள் இல்லை, அதன் தோலில் உள்ள செல்கள் வெளிச்சத்தை உணர்கின்றன, வெளிச்சம் பட்டால் அது மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. அவர் இறுதிவரை அசையவில்லை. பதிவை நிறுத்திய பிறகுதான் மற்றொரு காலை உள்ளே வைத்தார்.

“கண்ணே இல்லையா அதுக்கு?”

“இல்ல மாமா. தோல்லயே தெரியும்.”

“இத்தனை வருஷமா தோண்டறேன். ஒரு நாளும் மூஞ்சியப் பாத்ததில்ல.” பலகையை எடுத்துக்கொண்டு போனார்.

போட்டுக் கேட்டேன். கதவுச் சத்தம் நன்றாக விழுந்திருந்தது. அந்தப் பகுதியை மட்டும் மறுபடி படித்தேன். இந்த முறை வெளியிலிருந்து அக்கா ஏதோ கேட்டார். அதற்கு மாமா, “உஷ், உள்ள பாடம் ஓடுது” என்றார். அக்கா கேட்டதைவிட அந்த உஷ்தான் சத்தமாக இருந்தது. அதுவும் பதிவில் விழுந்தது. மூன்றாவது முறை படித்தபோது வெளியே மண்ணைத் தட்டும் ஓசைகூட இல்லை. முடித்துவிட்டுக் கதவிடுக்கில் பார்த்தேன். மாமாவும் என் கணவரும் பாதி மூடிய குழிக்கு இருபுறமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

அன்றே அனுப்பினேன். பதில் மறுநாள் மதியம் வந்தது. பின்னணியில் சத்தம் எதுவும் இல்லை, இந்த ஆண்டின் பாடங்களை உங்களுக்கே அனுப்புகிறோம் என்றிருந்தது. இரண்டு முறை படித்தேன். என் கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அக்காவிடம் சுவருக்கு மேலாகச் சொன்னேன்.

“அவர்கிட்ட நீயே சொல்லு” என்றார் அக்கா.

மாமா வேலை முடிந்து வந்து பின்வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் எங்கள் வாசலைத் தாண்டி, புதிதாக மூடிய மண்ணின் மேல் நடந்து, அவர் முன்னால் போய் நின்றேன்.

“வேலை கிடைச்சிடுச்சு மாமா.”

அவர் ஒரு காலைக் கழுவி முடித்துவிட்டு அடுத்த காலுக்குப் போனார்.

“அப்ப அந்தக் கதவுக்கு எண்ணெய் போடணும்” என்றார்.